மச்சாள் கட்டிய இரண்டு உரப்பைகள்

மச்சாள் தன்னுடைய பொதியை எந்த நேரத்தில் வெளியே எடுத்தார்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. கொழும்பில் ஒரு விடுதியின் மூன்றாம் மாடி அறை அது. இரண்டு கட்டில்கள், கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி, கால் வைக்க இடமில்லாமல் தரை முழுவதும் பரவிக் கிடந்த சாமான்கள். அன்று பிற்பகல் முழுவதும் நான் அந்த அறையை விட்டு ஒரே ஒரு தடவைதான் வெளியே போனேன், அதுவும் பிள்ளைகளைக் குளிப்பாட்ட. அந்த நேரத்தில்தான் எடுத்திருப்பார் என்று சில நாட்கள் நினைப்பேன். இல்லை, நான் பார்த்துக்கொண்டு நின்றபோதே எடுத்தார், நான்தான் பார்க்காதவள்போல் இருந்தேன் என்று வேறு சில நாட்கள் தோன்றும். இரண்டில் எது உண்மை என்று சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது.

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. என்னைவிட ஒன்பது வயது கூடியவர். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, கடலையும் களப்பையும் நம்பியே வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பம் அவர்களுடையது. நான் அந்தக் குடும்பத்துக்குள் மருமகளாக வந்தபோது அவர்கள் ஏற்கனவே இரண்டு தடவை இடம்பெயர்ந்து, புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். நான் உயர்தரம் படித்தவள், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியையாகக் கற்பித்தவள். மச்சாள் எட்டாம் வகுப்போடு நின்றவர். நந்திக்கடல் களப்பில் அவருடைய கணவர், எங்கள் அத்தான், வீசுவலையில் பிடித்து வருவதை வாங்கித் தரம்பிரித்து, மிஞ்சியதைக் காயவைத்து விற்பது அவருடைய வேலை. ஓலைக் கடகத்தை ஒரு தடவை இடுப்புவரை தூக்கிப் பார்த்துவிட்டு நிறை சொல்லுவார். தராசில் வைத்தால் கால் கிலோவுக்குமேல் பிழைத்ததை நான் கண்டதில்லை. எனக்கோ ஒரு கடிதத்துக்கு எத்தனை முத்திரை ஒட்டுவது என்பதிலேயே இரண்டு நாள் யோசனை ஓடும்.

கணவர் நோர்வேக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. அந்த நாட்டின் வடக்கு மூலையில், ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டும் வேலை. அவர் போகும்போது மகனுக்கு இரண்டு வயது, மகள் என் வயிற்றில். எங்களைக் கூப்பிடும் பத்திரங்கள் வந்து சேர்ந்தபோது, கூடவே வந்த கடிதத்தில் அவர் ஒரு வரியின் கீழ் இரண்டு கோடு இழுத்திருந்தார்: ஆளுக்கு இருபது கிலோதான், அதற்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் விமானக்காரர் கேட்கும் காசு நம்மால் கட்ட முடியாது. அந்தக் கடிதத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆளுக்கு இருபது கிலோ என்பது எவ்வளவு என்று எனக்கு விளங்கவில்லை. மச்சாளுக்கு உடனே விளங்கியது. "இருபது கிலோ எண்டால் ஒரு கடகம் இறாலும் அரைக் கடகம் மீனும். சின்னக் காரியமில்லைப் பிள்ளை, நல்ல பாரம்" என்றார்.

வெளிநாட்டுக்கு ஒருவர் போகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் கணவரோடு அதே தொழிற்சாலையில் எங்கள் பகுதிப் பெடியன்கள் எட்டுப் பேர் வேலை செய்தார்கள். அந்த எட்டுப் பேரின் வீட்டாருக்கும் இரண்டு நாளுக்குள் செய்தி போய்விட்டது. மூன்றாம் நாள் காலையிலிருந்து பொதிகள் வரத் தொடங்கின. இடித்த மிளகாய்த்தூள், ஒடியல்மா, பினாட்டு, மோர்மிளகாய், எள்ளுப்பாகு. கனகராயன்குளத்திலிருந்து ஒரு தாய் ஒரு பெரிய போத்தல் நிறையக் காட்டுத்தேன் அனுப்பியிருந்தார். வற்றாப்பளை அம்மன் கோயில் திருநீற்றை ஒருவர் நாலாக மடித்த தாளில் கொண்டுவந்தார். அதை மட்டும் மச்சாள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு நிறையில்லை, இதுக்குக் கேள்வியுமில்லை" என்று தன் செபப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்தார்.

ஜெயபுரத்திலிருந்து வந்த அம்மாவை நான் மறக்கமாட்டேன். மலைநாட்டிலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். இரண்டு பஸ் மாறி, மிச்சத் தூரத்தை நடந்து வந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் வறுக்காத நிலக்கடலை. "எங்க தோட்டத்துக் கடலைங்கம்மா. சொத்தை, கல்லு எல்லாம் ஒண்ணு விடாம பொறுக்கிட்டேன். எம் மகன்கிட்டக் குடுத்துடுங்க" என்றார். நான் எல்லாவற்றையும் வாங்கினேன். மறுக்கத் தெரியாது எனக்கு. மறுத்தால் பிழையோ என்று பயம், வாங்கினால் கொண்டுபோக முடியாதோ என்று பயம், இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்று எல்லோருக்கும் தலையாட்டினேன். அந்த வரிசையின் கடைசியில் மச்சாளின் பொதியும் இருந்தது. தன் தம்பிக்கென்று பத்து நாளாகக் காகத்தைக் கலைத்துக் கலைத்துக் காயவைத்த நந்திக்கடல் இறால். தம்பி விட்டுப்போன பழைய நீலக்கோட்டுச் சாரத்தில் ஒரு துண்டு கிழித்து அதிலே சுற்றிக் கட்டியிருந்தார்.

நிறுப்பதற்குப் பெரிய தராசு எங்களிடம் இல்லை. மச்சாளிடம் இருந்தது மீன் நிறுக்கும் சின்னத் தராசும் நாலைந்து படிக்கல்லும்தான். ஒரு நாள் காலை அத்தான் மீன் கூடை தூக்கும் காவுதடியை முற்றத்து மரக்கிளையில் நடுவாகக் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். ஒரு பக்கம் என் பெட்டி. மறு பக்கம் ஒரு சாக்கு. நிவாரண அரிசியைச் சின்னத் தராசில் ஒவ்வொரு கிலோவாக நிறுத்து அந்தச் சாக்குக்குள் போட்டுக்கொண்டே வந்தார். காவுதடி சமநிலைக்கு வரும்வரை அயலே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. "மருமோளை நிறுத்து அனுப்பப் போறியளோ?" என்று யாரோ கேட்டார்கள். "அவளை நிறுக்கத் தேவையில்லை, காத்தடிச்சாலே போய்ச் சேர்ந்திடுவாள்" என்றார் மச்சாள். இரண்டு பெட்டியும் ஒரு பயணப்பையும் சேர்த்து ஐம்பத்தொன்பது கிலோ வந்தது. மூன்று பேருக்கு அறுபது கிலோ. ஒரு கிலோ மிச்சம். நான் சந்தோசத்தில் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

மூன்று பேர் என்ற கணக்கைப் போட்டவர் மச்சாள்தான். அதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிற எனக்கு, சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரே இடத்தில் அது வராமல் போனது. மகள் பிறந்த அடுத்த கிழமையே கிராம அலுவலரான விதானையாரிடம் போய், அவளுடைய பெயரை எங்கள் நிவாரண அட்டையில் பதிய வைத்தவர் மச்சாள். அன்றிலிருந்து பால்குடிப் பிள்ளைக்கும் அரிசி, மா, சீனி என்று ஒரு பங்கு வந்தது. நாங்கள் வாழ்ந்த வாழ்வில் ஆள் என்றால் அட்டையில் பெயர் உள்ளவர். வயதோ உயரமோ அதில் இல்லை. பிறந்து எட்டாம் நாள் ஒரு பிள்ளை ஒரு முழு ஆளாகிவிடும். விமானக்காரரும் அப்படித்தான் எண்ணுவார்கள் என்று நாங்கள் இருவரும் துளியும் யோசிக்காமல் நம்பினோம்.

பிள்ளைகளோடும் சாமானோடும் நான் தனியே போய்ச் சேரமாட்டேன் என்று மச்சாளும் வன்னிக்கு வெளியே போகும் அனுமதிப் பாஸ் எடுத்துக்கொண்டு கொழும்புவரை வந்தார். உழவு இயந்திரப் பெட்டியில் செம்புழுதி படாமலிருக்க என் இரண்டு பெட்டிகளையும் இரண்டு வெள்ளை உரப்பைகளுக்குள் இறக்கிக் கட்டியிருந்தார். சோதனைச் சாவடியில் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டச் சொன்னார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லோரும் அழுதுகொண்டும் சபித்துக்கொண்டும் கலைந்த துணிகளை அள்ளிக்கொண்டிருக்க, மச்சாள் குந்தியிருந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மகன் ஒரு மாரி விஸ்கோத்தைத் தின்று முடிப்பதற்குள் பெட்டியை மூடிவிட்டார். ஒவ்வொரு வகையையும் தனித்தனித் துணிப்பையில் இழுத்தால் அவிழும் முடிச்சுப் போட்டு வைத்திருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எப்படி மச்சாள் இதெல்லாம் பழகினீர்கள் என்று கேட்டேன். "முதல் இடம்பெயர்வில நான் என்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினனான் தெரியுமே? சுவர் மணிக்கூடு! அரிசிப் பானையை அடுப்படியில விட்டிட்டு மணிக்கூட்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஓடினனான். பிள்ளை பசிக்குதெண்டு அழேக்க நேரம் மட்டும் சரியாய்ச் சொன்னனான்" என்று சொல்லிச் சிரித்தார். சாவடியில் நின்ற சனமும் சிரித்தது.

கொழும்பில் பயண முகவரின் அலுவலகத்தில்தான் எங்கள் கணக்குக் கவிழ்ந்தது. பறப்புக்கு முதல் நாள் காலை பயணச்சீட்டை வாங்கப் போயிருந்தோம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மகளின் சீட்டைக் காட்டி, மடியில் வைத்துக்கொண்டு போகிற பிள்ளைக்குச் சாமான் கொண்டுபோக அனுமதி இல்லை, உங்களுக்கு மொத்தம் நாற்பது கிலோதான் என்றார்.  மச்சாள் மேசையில் கை ஊன்றி நின்றார்.

"ஏன் பிள்ளை, அவளும் ஆள்தானே? எங்கட அட்டையில அவளுக்கும் அரிசி தாறாங்கள்."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். மச்சாள் சிரிக்கவில்லை.

"என்ன சிரிக்கிறியள்? கொழும்பில பிள்ளையள் சாப்பிடுறேல்லையே?"

கூடுதல் கிலோவுக்கு எவ்வளவு என்று நான் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு, என் கையில் இருந்த காசு நாலு கிலோவுக்கும் காணாது. பத்தொன்பது கிலோவை விட்டுவிட்டுப் போக வேண்டும். யாருடையதை விடுவது? எட்டுத் தாய்மாரின் முகமும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. விடுதிக்கு நடந்து வரும் வழி முழுவதும் நான் அழுதேன். மச்சாள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். படியேறும்போது, "என்ர பிழை. அட்டையையும் ரிக்கற்றையும் ஒண்டாய் நினைச்சிட்டன். சரி, வா. பிழையை நிறுப்பம்" என்றார்.

பின்னர் நடந்ததை நான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கே வியப்பாக இருக்கும். அவர் முதலில் சாமான் எதையும் குறைக்கவில்லை. இரண்டு பெட்டிகளையும் பயணப்பையையும் காலியாக்கி, வெறும் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தார். "இந்தா, ஒன்பது கிலோ இங்க இருக்கு. நீ அங்க பெட்டியையே சமைச்சுத் தின்னப் போறாய்?" செம்புழுதிக்குப் போர்த்தி வந்த உரப்பைகளை உதறி உட்புறம் திருப்பித் துடைத்தார். என் சாமான் அந்த இரண்டு உரப்பைகளில் போகப்போகிறது என்று விளங்கியதும் எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது. வெளிநாட்டு விமானத்துக்கு உரப்பையோடு போவதா? மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? சொன்னேன். "மற்ற ஆக்கள் காசு கட்டினால் மற்ற ஆக்களுக்குப் பயப்படுவம்" என்றார்.

அடுத்தது பொதிகள். ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினார். அடுத்தவர் கட்டித் தந்ததை அவிழ்க்கலாமா என்று நான் கையைப் பிடித்தேன். "நான் அவிழ்க்காட்டில் விமானக்காரன் அவிழ்ப்பான். இது ஆர் பெத்த தாய் கட்டினதெண்டு அவனுக்குத் தெரியுமே? எனக்குத் தெரியும்" என்றார். உள்ளே இருந்ததைவிட அதைச் சுமந்து வந்தவைதான் கனத்தன. மிளகாய்த்தூள் தடித்த கண்ணாடிப் போத்தலில், எள்ளுப்பாகு பால்மா ரின்னில், ஒவ்வொன்றையும் சுற்றி நாலு அடுக்குப் பத்திரிகை. எல்லாவற்றையும் மெல்லிய பிளாஸ்திக் சொப்பின் பைகளுக்குள் மாற்றி, காற்றை அமத்தி வெளியேற்றி, வாயை மெழுகுதிரியில் காட்டி ஒட்டினார். ஒவ்வொரு பையிலும் பெயரை எழுதும் வேலை எனக்கு. தேன் மட்டும் சிக்கலாக இருந்தது. பாதியை ஒரு சின்னப் பிளாஸ்திக் போத்தலில் ஊற்றினார். "தாய் தந்த தேன் எண்டு நாக்கில பட்டால் காணும். மிச்சத்தைத் தாயிட்டத் திருப்பிக் குடுக்கிறன், என்ன நடந்ததெண்டும் சொல்லுறன்." வெறும் போத்தல்களையும் ரின்களையும் அவர் எறியவில்லை. வன்னியில் அப்போது ஒரு மூடியுள்ள போத்தல் என்பது ஒரு சொத்து. அவை என் பழைய பெட்டிகளுக்குள் அவரோடு திரும்பிப் போவதற்காக அடுக்கப்பட்டன.

கீழே தெருவில் பழைய பேப்பர், போத்தல் வாங்குகிறவரின் குரல் கேட்டது. மச்சாள் யன்னலால் எட்டிப் பார்த்துக் கைதட்டி அவரை மேலே கூப்பிட்டார். வயதானவர், தோளில் கொக்கித் தராசு. அறைக்குள் அடுக்கியிருந்த போத்தல்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"எல்லாம் குடுக்கவாம்மா?"

"போத்தல் குடுக்கிறேல்லை ஐயா. உங்கட தராசை ஒருக்கால் தாங்கோ."

"அப்ப எதுக்கு என்னை மூணு மாடி ஏத்தினீங்க?"

"கோவிக்காதேங்கோ. இந்தப் பேப்பர் முழுக்க உங்களுக்கு. தேத்தண்ணியும் தாறன்."

அவர் கட்டிலில் இருந்து தேநீர் குடித்தார். நாங்கள் அவருடைய தராசில் உரப்பைகளைக் கொழுவி நிறுத்தோம். இறக்குவதற்கு முன்பே மச்சாள் நிறையைச் சொன்னார், முள்ளும் அதையே சொன்னது. பேப்பர்காரர் தலையை ஆட்டி, "அம்மாவுக்கு இந்தத் தொழில் சரி வரும்" என்றார். பெட்டியும் போத்தலும் போக நாற்பத்தாறு கிலோ நின்றது. இன்னும் ஆறு கிலோ.

அதன் பிறகுதான் என்னுடைய சாமான். தேங்காய்த் துருவலை, மூன்று சேலை, இரண்டு படுக்கை விரிப்பு, மகனுக்கென்று நான் சேர்த்த தமிழ்ப் பாடப்புத்தகங்கள். "அ, ஆ படிக்க ஒரு புத்தகம் காணும். மிச்சத்தை வாயால சொல்லிக் குடு, நீ ரீச்சர்தானே" என்றார். நான் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தேன். ஆனால் பொரிக்கவும் வறுக்கவும் வைத்திருந்த என் இரும்புத் தாச்சியை அவர் எடுத்தபோது என்னால் முடியவில்லை. கலியாணம் கட்டிய வருடம் என் அம்மா தந்தது. ஒவ்வொரு இடம்பெயர்விலும் நானே தூக்கித் திரிந்தது. அங்கே தாச்சி வாங்கலாம் என்று மச்சாள் சொன்னார். வாங்கலாம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சின்னப்பிள்ளை மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.  மச்சாள் தாச்சியை என் கையிலிருந்து வாங்கி, உரப்பைக்குள், துணிகளுக்கு நடுவில் வைத்தார். "சரி. ஆசைப்படுறாய், கொண்டு போ" என்றார். தாச்சி இரண்டு கிலோ. மொத்தம் நாற்பத்திரண்டில் நின்றது.

நான் பிள்ளைகளைக் குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போனேன். தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த குளியலறையில் நீண்ட நேரம் நின்றேன். அழுத முகத்தைக் கழுவவும் நேரம் வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது பேப்பர்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சாள் மூங்கில் வலையூசியில் நைலோன் நூல் கோத்து இரண்டாவது உரப்பையின் வாயை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். வலைக் கண்ணி முடிவதுபோல் ஒரே அளவில், ஒரே இறுக்கத்தில். "நாற்பது" என்றார்.

"எப்பிடி மச்சாள்?"

"மூச்சைப் பிடிச்சன், குறைஞ்சிட்டுது."

நான் சிரித்தேன். அப்போது கட்டில் ஓரத்தில், தலையணைக்குக் கீழே, ஒரு நீலக்கோட்டுத் துணியின் நுனி தெரிந்தது. தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது திரும்ப உள்ளே போகும், அது உள்ளே போனால் நாற்பது மறுபடியும் நாற்பத்திரண்டாகும், அப்போது தாச்சியின் கதை மறுபடியும் வரும். இவ்வளவும் அந்த ஒரு கணத்தில் நான் யோசித்தேனா, அல்லது இரண்டு வருடமாக யோசித்து யோசித்து அந்தக் கணத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேனா என்று தெரியவில்லை.

மறுநாள் விமான நிலைய வாசலில் மச்சாள் நின்றுவிட்டார். அதற்கு மேல் பயணிகள் மட்டும்தான். மகனுக்கு மூன்று சட்டை, மகளுக்கு இரண்டு சட்டையும் ஒரு கம்பளிச் சட்டையும் போட்டுவிட்டிருந்தார். உடம்பில் போனால் நிறையில் சேராது. செபப் புத்தகத்திலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை என் கைப்பைக்குள் வைத்து, வியர்த்து வழிந்த பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டு, "போ, போ, கரைச்சல்படாதை" என்றார். உள்ளே எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, பளபளக்கும் பெரிய பெட்டியைத் தரையில் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருந்தார். என் உரப்பைகள் இரண்டும் நிறைத் தட்டில் ஏறின. முப்பத்தொன்பதும் முக்காலும். வெட்கத்தில் நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நோர்வேயில் இறங்கியபோது வெளியே எல்லாம் வெள்ளை. கணவர் மகளை முதன்முதலாகத் தூக்கினார். அவள் அவரைக் கண்டு அலறினாள். அந்த அலறலுக்கு நடுவில் உரப்பைகள் சுழன்று வந்தன. அவர் தையலைத் தடவிப் பார்த்து, "இது அக்காவின்ர முடிச்சு" என்றார். ஒரு கிழமைக்குள் எட்டுப் பொதியும் எட்டுப் பேரிடம் போய்ச் சேர்ந்தன. ஜெயபுரத்து அம்மாவின் மகன் வேலை முடிந்து, மீன் வாடையோடு வந்து கதவடியிலேயே நின்றான். கடலைப் பையைக் கொடுத்ததும், உள்ளே வரச் சொன்னது காதில் விழாமல், பச்சைக் கடலை ஒரு பிடியை வாயில் போட்டு மென்றுகொண்டே நின்றான். "எங்க மண்ணு ஒட்டியிருக்கு அக்கா" என்று மட்டும் சொன்னான். அந்த நேரம் மச்சாள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நாற்பது கிலோவுக்குள் ஒரு தாயையும் விடாமல் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். நான் வெறும் சுமைகாரி.

எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு என் கணவர் வெறும் உரப்பைகளை மடித்துக்கொண்டே கேட்டார்: "அக்கா எனக்கு ஒண்டும் தந்துவிடேல்லையே?" கேட்ட குரலில் குறை இல்லை. ஆனால் உரப்பையின் மூலைக்குள் கையை விட்டுத் துழாவினார். நான் குசினிக்குள் போய்த் தாச்சியைக் கழுவத் தொடங்கினேன். அது ஏற்கனவே கழுவி வைத்திருந்த தாச்சி.

அன்றிரவே உண்மையைச் சொல்லி மச்சாளுக்கு எழுதினேன். பதில் வர ஆறு மாதமாயிற்று. அவருடைய பேச்சு அப்படியே கடிதத்தில் இருந்தது: "போத்தல், ரின் எல்லாம் வீடு வீடாய்க் குடுத்திட்டன். தேனைப் பற்றி அந்த மனிசியிட்டச் சொன்னனான், சந்தோசப்பட்டவா. இறாலைக் கேட்டு எழுதியிருந்தாய். கொழும்பில நல்ல விலை போச்சு, வித்துப்போட்டு என்ர மகளுக்குச் சப்பாத்து வாங்கினனான். நாள் முழுக்க மீனுக்குள்ள நிண்டு மீனையே தின்னுறவனுக்கு இறால் என்னத்துக்கு? நீ அதை யோசிச்சு உடம்பைக் கெடுக்காதை. சாமானை ஒவ்வொண்டாய் இறக்கி வைச்ச உனக்கு மனசைக் கொஞ்சம் இறக்கி வைக்கத் தெரியேல்லை."

அவர் உண்மையிலேயே விற்றிருக்கலாம். விற்பது அவருடைய தொழில், நல்ல விலை கிடைத்தால் விடமாட்டார். அல்லது என்னை ஆற்றுவதற்காக விற்றதாக எழுதியிருக்கலாம். பத்து நாள் வெயிலில் குந்தியிருந்து காகம் கலைத்தது கொழும்பில் விற்பதற்காகவா? கணவரிடம் கேட்டால், அக்கா செய்தால் காரணத்தோடுதான் செய்வா, விடு என்கிறார். என்னால் விட முடியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். என் ஆசையையும் தன் ஆசையையும் அவர் கையில் தூக்கிப் பார்த்தார், இரண்டும் ஒரே நிறை என்று கண்டார், என்னுடையதை உள்ளே வைத்தார். நான் படித்தவள். அவரைப்போல் அவ்வளவு தெளிவாக ஒரு முடிவை என் வாழ்வில் ஒரு தடவையும் எடுத்ததில்லை.

இப்போது வன்னிக்குப் போகும் மூடிய பாதை திறக்கும் என்று கதை அடிபடுகிறது. திறந்தால் வரும் கோடையில் போய்வரலாம் என்று கணவர் சொல்கிறார். இப்போது நாங்கள் ஐந்து பேர். கடைசிப் பிள்ளைக்கு எட்டு மாதம், மடியில்தான் வருவான், கிலோ இல்லை. அதை இந்தத் தடவை முதல் நாளே கேட்டு அறிந்துவிட்டேன். ஆக எண்பது கிலோ. நாங்கள் போகிறோம் என்ற கதை தொழிற்சாலைக்குள் போய் இரண்டு கிழமைதான் ஆகிறது, எங்கள் அலுமாரியில் ஏற்கனவே பதினொரு பொதி. எல்லாம் தாய்மாருக்கு. கம்பளிச் சட்டை, மருந்து, மூட்டு நோவுக்குத் தைலம். போத்தல்களை நான் மாற்றிவிட்டேன். பெட்டி வாங்கவில்லை, உரப்பை தேடிக்கொண்டிருக்கிறேன், இங்கே அது கிடைப்பதும் கஷ்டமாக இருக்கிறது.

மச்சாளுக்கு எழுதிக் கேட்டேன், உங்களுக்கு என்ன கொண்டுவர என்று. ஒன்றும் வேண்டாம், கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன், பிள்ளைகளைக் காட்டினால் போதும் என்று பதில் வந்திருக்கிறது. சொன்னால் செய்கிறவர் அவர். காசாகக் கொடுப்போம் என்கிறார் கணவர். காசை அவர் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அவர் சொன்னபடி வெறுங்கையோடு போய் நிற்பதுதான் மரியாதையா? அல்லது திருப்பித் தந்தாலும் பரவாயில்லை என்று எதையாவது கொண்டுபோய் முன்னால் வைப்பதா? அவர் மறுக்க முடியாத பொருள் ஒன்று இருக்கிறதா? பதினொரு பொதிகளையும் என் சொந்தச் சாமானையும் எழுபத்தெட்டுக் கிலோவுக்குள் அடக்கிவிட்டேன். இரண்டு கிலோவை ஒருவருக்கும் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கிறேன். அதற்குள் எதை வைப்பது என்று, இப்படி ஒருவரிடம் கடன்பட்டு ஊருக்குப் போய்வந்த வாசகர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.